கை நடுங்கும் முன்: முதுமைக்கான ஏற்பாடுகளை நாமே செய்துகொள்வது எப்படி

என் தாயார் தமது 79ஆம் வயதில், வேலூரை அடுத்த காட்பாடியில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். இரத்தம் உறையாமல் இருக்க ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, இதற்கு முன் எங்கே சிகிச்சை பெற்றார் என்பவையே அவை. ஒரே வீட்டில் அவரோடு வாழ்ந்தவன் நான். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அவருடைய மாத்திரைகள், அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்த துண்டுகளாக, பெயர் தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தன.

அதன்பின் ஆறு ஆண்டுகள் அவரைப் பார்த்துக்கொண்டேன். இப்போது எனக்கு 68 வயது. அந்த ஆறு ஆண்டுகளில் தடுமாறித் தடுமாறிக் கற்றவற்றையும், பின்னர் எனக்காகவும் என் மனைவிக்காகவும் செய்துகொண்டவற்றையும், 60 வயதைத் தொட்டவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். முதுமையில் நம்மைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பிள்ளைகள்தாம் செய்ய வேண்டும் என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். கையெழுத்து நடுங்காமலும் நினைவு தவறாமலும் இருக்கும்போது நாமே செய்யாவிட்டால், பிள்ளைகள் எவ்வளவு நல்லவர்களானாலும் பிற்பாடு அவர்களால் சட்டப்படி செய்ய முடியாத காரியங்கள் சில இருக்கின்றன.

வேலூர்க்காரர்களுக்கு இதில் இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் இரயிலேறி நம் ஊர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறார்கள். நாமோ அது கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது என்ற தைரியத்தில், வரிசையில் நிற்கச் சலித்துக்கொண்டு, ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டிய பரிசோதனையைக்கூடத் தள்ளிப்போடுகிறோம். மற்றொரு சிக்கல், பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊர்கள். சென்னை சுமார் 130 கிலோமீட்டர். பெங்களூரு மூன்று, மூன்றரை மணி நேரப் பயணம். சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை காட்பாடியில் இரயிலேறிவிடும் பிள்ளைகளை நாம் "பக்கத்தில் இருக்கிறார்கள்" என்றே கணக்கில் வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் அந்தக் கணக்கு உதவாது. ஆகவே எந்த ஏற்பாட்டைச் செய்தாலும், பிள்ளை வந்து சேரும் வரையிலான முதல் நான்கு மணி நேரத்தை யார், எதைக் கொண்டு சமாளிப்பார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஒரு நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். கைப்பேசியில் பதிந்துவைப்பது நல்லதுதான். ஆனால் பதற்றமான நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் கைப்பேசியின் கடவுச்சொல் தெரியாது. முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, இரத்த வகை, ஒவ்வாத மருந்துகள், வழக்கமாகச் செல்லும் மருத்துவமனையில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் எண், உடனே அழைக்க வேண்டிய மூவரின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அவசர ஊர்திக்கான 108, முதியோர் உதவிக்கான 14567 ஆகிய எண்களும் அங்கேயே இருக்கட்டும். இரண்டாம் பக்கத்தில் இப்போது சாப்பிடும் மாத்திரைகள் ஒவ்வொன்றின் பெயரையும் அளவையும் வேளையையும், அது எந்த நோய்க்கு என்பதையும் எழுதுங்கள். மருத்துவர் ஒரு மாத்திரையை நிறுத்தினால் அதே நாளில் ஒரு கோடிட்டு அடித்துத் தேதி போடுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரையையும் மறைக்காமல் எழுத வேண்டும். வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கக்கூடியது என்பதால், மருத்துவருக்கு அவசியம் தெரிய வேண்டிய செய்தி அது.

பின்பக்கங்களில் வங்கிக் கணக்குகள், வைப்புத்தொகை ரசீதுகள், காப்பீடு, ஓய்வூதிய ஆணை, பட்டா, பத்திரம், எரிவாயு, மின் இணைப்பு ஆகியவற்றின் எண்களையும், அவற்றின் தாள்கள் எந்தப் பீரோவில் எந்த உறையில் இருக்கின்றன என்பதையும் குறித்துவையுங்கள். ஏடிஎம் அட்டையின் இரகசிய எண்ணை மட்டும் இதில் எழுதக் கூடாது. நோட்டு இருக்கும் இடம் வீட்டுக்கு வெளியே இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் கூப்பிட்ட ஐந்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய அண்டை வீட்டாராக இருப்பது நல்லது. வீட்டுச் சாவி ஒன்றும் அவரிடம் இருக்கட்டும். தனியாக வாழும் முதியவர் உள்ளே தாழிட்டுக்கொண்டு விழுந்துகிடந்ததால் கதவை உடைக்க நேர்ந்த கதை எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது. இரவில் கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் வெளியிலிருந்து சாவி கொண்டு திறக்கக்கூடிய பூட்டாக மாற்றிவிடுங்கள்.

வீட்டைத் திருத்துவது

இதற்கு ஆகும் செலவு, ஓர் இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவில் மிகச் சிறிய பகுதியே. கழிப்பறையில் மேற்கத்தியக் கோப்பை, அதன் பக்கச் சுவரிலும் குளிக்கும் இடத்திலும் திருகாணியால் இறுக்கிய எஃகுக் கைப்பிடி, சொரசொரப்பான தரை ஓடு, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கு ஆகிய நான்கும் முதலில் வேண்டும். துணி காயப்போடும் கம்பியையும் துண்டு மாட்டும் கம்பியையும் கைப்பிடியாக நம்பாதீர்கள். என் தாயார் பற்றியது அத்தகைய கம்பியைத்தான், அது சுவரோடு பெயர்ந்து வந்தது. வாசலில் கிடக்கும் பழந்துணி மிதியடியை எடுத்துவிடுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணைப் படி உயரமாக இருக்கும். அதற்குப் பக்கத்தில் பிடித்து இறங்க ஒரு குழாய் நட்டுவிடலாம். மாடியில் படுக்கை வைத்திருப்பவர்கள், கால் நன்றாக இருக்கும்போதே கீழ்த்தளத்துக்கு மாறிவிடுங்கள். கண்புரை இருந்தால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கண் மங்கியிருப்பதும் கீழே விழுவதற்குப் பெரிய காரணம்.

உடம்பும் இந்த ஊர்க் கோடையும்

வயதானவர்களுக்குத் தசை குறைந்துகொண்டே போகும். தொடைத் தசை வலுவாக இருப்பவரே நாற்காலியிலிருந்து எழவும் தடுமாறினால் சமாளிக்கவும் முடியும். நாள்தோறும் காலையும் மாலையும், சுவரோரமாகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை முதலில் ஐந்து முறை, பிறகு பத்து முறை என்று பழகுங்கள். நடைப்பயிற்சி செய்பவர்களும் இதைத் தனியாகச் செய்ய வேண்டும். உணவில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது ஒரு கிராம் புரதம் நாள்தோறும் தேவை. இரண்டு இட்லி, கொஞ்சம் ரசம் சோறு, இரவில் கஞ்சி என்று முதியவர்கள் தாமாகவே சுருக்கிக்கொள்ளும் சாப்பாட்டில் இது கிடைக்காது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். பருப்பு, சுண்டல், தயிர், மீன், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை ஆகியவற்றைப் பல்லுக்கு ஏற்ற பக்குவத்தில் மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்க்க வேண்டும். பல் இல்லாதவர்கள் கடலையை அரைத்துத் துவையலாகச் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கோடையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மே மாதத்தில் வேலூரில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். சுற்றியுள்ள பாறை மலைகளும் மொட்டை மாடிகளும் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் உமிழ்கின்றன. வயதாக ஆகத் தாக உணர்வு குறைந்துவிடுவதால், உடம்பில் நீர் வற்றிய பிறகும் முதியவருக்குத் தண்ணீர் கேட்கத் தோன்றாது. அதோடு இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால் உடம்பில் சோடியம் குறைந்துவிடும். அப்போது அவர் திடீரென்று நேரம் இடம் தெரியாமல் பேசுவார். நாள் முழுவதும் தூங்குவார். சோற்றை வாயில் வைத்துக்கொண்டே இருப்பார். வீட்டார் "வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது" என்று விட்டுவிடுகிறார்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் தோன்றிய குழப்பம் முதுமையின் இயல்பு அல்ல. சோடியம் குறைவு, சிறுநீர்த் தொற்று, சர்க்கரை இறக்கம், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணமே பெரும்பாலும் இருக்கும். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் மறதி வேறு வகை. அதற்கு முதியோர் மருத்துவப் பிரிவில் காட்டி, எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கோடையில் கடைத்தெரு, வங்கி, கோயில் எல்லாவற்றையும் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டு, நீர்மோரும் கேழ்வரகுக் கூழும் நேரம் வைத்துக் குடிப்பது நல்லது. இதய நோயாலோ சிறுநீரக நோயாலோ தண்ணீருக்கு அளவு வைக்கப்பட்டவர்கள் அந்த அளவைக் கோடைக்கு மாற்ற வேண்டுமா என்று ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள்.

இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கியது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் அதன்கீழ் வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மருத்துவமனைச் செலவுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டை 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிவைத்தது. அட்டை கையில் இருப்பது மட்டும் போதாது; நீங்கள் வழக்கமாகச் செல்லும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்கு நோயில்லாத நாளில் ஒருமுறை நேரில் சென்று, எந்தச் சிகிச்சைக்கு இது செல்லும் என்று கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள்.

பணம்

மாதந்தோறும் கைக்கு வரும் பணம், சேமிப்பாக நிற்கும் பணம், அவசரத்துக்கு அன்றே எடுக்கக்கூடிய பணம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைத்தவர்கள், பெண்கள் உட்பட, தங்கள் வருங்கால வைப்புநிதிக் கணக்கை ஓய்வுக்கு முன்பே சரிபார்க்க வேண்டும். குறைந்தது 10 ஆண்டுப் பணி இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. அதன் குறைந்தபட்ச அளவு 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். ஒரு தொழிற்சாலையை விட்டு மற்றொன்றுக்குப் போகும்போதெல்லாம் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்துப் பணத்தை எடுத்துவிட்டவர்களுக்கு இந்தப் பத்தாண்டு சேராமல் போகிறது. பழைய எண்களை ஒரே கணக்கில் இணைப்பதை வேலையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். வேறு ஆதரவில்லாத முதியோருக்கான அரசின் மாத உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கும் முன்னாள் படைவீரர்கள், தம் ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம். ஓர் எழுத்துப் பிழைக்காகக் கைம்பெண்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சேமிப்புக்கு அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தையே முதலில் சொல்வேன். 60 வயதானவர் 30 இலட்சம் ரூபாய் வரை போடலாம். சேரும் நாளில் உள்ள வட்டி விகிதம் ஐந்தாண்டுக்கும் மாறாது. மூன்று மாதத்துக்கொரு முறை வட்டி கணக்கில் விழும். 2022இல் மாதம் எட்டு, பத்து விழுக்காடு வட்டி என்று ஆசைகாட்டிய நிதி நிறுவனங்களில் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் ஓய்வுகாலப் பணத்தையும் நகை அடகுப் பணத்தையும் இழந்தார்கள். அவர்களில் படித்தவர்களும் ஏராளம். உறவினர் ஒருவர் சேர்த்துவிட்டார் என்பதே பலருக்குப் போதுமானதாக இருந்தது. காவல்துறை என்று சொல்லிக் காணொளியில் மிரட்டிப் பணம் கேட்கும் அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள்; ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

இனி, பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. "என் மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டப்படி, அதிகாரம் கொடுத்தவருக்குச் சித்த சுவாதீனம் போய்விட்டால் அந்த அதிகாரப் பத்திரம் செயலற்றுப்போகிறது. மறதி நோய் முற்றிய பிறகு அந்தப் பவரைக் கொண்டு அவருடைய பணத்தை எடுக்கவோ நிலத்தை விற்கவோ முடியாது. பிள்ளைகள் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருக்கும். ஆகவே அன்றாடச் செலவுக்கான கணக்கை மட்டுமாவது கணவன் மனைவி பெயரிலோ நம்பிக்கையான பிள்ளையோடு சேர்ந்தோ, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற முறையில் மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய தொகையை அந்தக் கணக்கில் வைக்க வேண்டாம். கை நடுங்கிக் கையெழுத்து மாறிவிட்டவர்கள், சாட்சிகளின் முன்னிலையில் கைரேகை வைத்துப் பணம் எடுக்க வங்கிகளில் வழி உண்டு. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகள் அளிக்குமாறு 2017இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் எழுதிக் கேளுங்கள்.

சொத்து: எழுதிக் கொடுப்பதற்கு முன்

குடியாத்தத்தில் இருந்த என் தாய்மாமா, தறி ஓட்டிச் சம்பாதித்துக் கட்டிய வீட்டைத் தம் 71ஆம் வயதில் மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்திரத்தில் "அன்பின் மிகுதியால்" என்று ஒரு வரி இருந்தது. தம்மையும் மாமியையும் கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. மகனுடைய தொழில் நொடித்து வீடு கடனுக்குப் போனபோது, மாமாவால் எதுவும் செய்ய முடியவில்லை. மகன் கெட்டவன் அல்லன் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை நல்லவனாக இருந்தும் கடனாலோ மணமுறிவாலோ அகால மரணத்தாலோ வீடு கைமாறிப்போகலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மாமா தம் கடைசி நாட்களை ஆற்காட்டில் மகள் வீட்டு முன்னறையில் கழித்தார்.

கூடுமானவரை, உயிரோடிருக்கும் வரை குடியிருக்கும் வீட்டை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பிறகு யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலில் எழுதுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்க நீங்கள் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுபவர் சாட்சியாக இருக்க வேண்டாம். உங்களைவிட இளையவர்களாகவும் உள்ளூரில் இருப்பவர்களாகவும் சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பிற்காலத்தில் அவர்களில் ஒருவரேனும் வந்து சொல்ல வேண்டியிருக்கும். கட்டாயமில்லாவிட்டாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடவே நான் சொல்வேன். மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும். பேர்ணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம் பகுதிகளில் வாழும் இஸ்லாமியக் குடும்பங்களுக்கு விதி வேறு: கடனும் இறுதிச் சடங்குச் செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் இசைவின்றி வசியத், அதாவது உயில், எழுத முடியாது என்பதால், எழுதுமுன் மார்க்கச் சட்டம் அறிந்தவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடும்பச் சூழ்நிலையால் இப்போதே எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்றால் பத்திரத்தில் இரண்டு செய்திகள் இருக்கட்டும். ஒன்று, நீங்களும் உங்கள் துணையும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை உங்களிடமே நிறுத்திக்கொள்வது. மற்றொன்று, சொத்தைப் பெறுபவர் உங்கள் இருவருக்கும் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றை ஆயுள் வரை அளித்துப் பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரம் செல்லாது என்ற நிபந்தனை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு, இந்த நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்க வழிசெய்கிறது. நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில், முதியோரைக் காக்கும் நோக்கில் சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. எந்தத் தீர்ப்பு நமக்குப் பொருந்தும் என்று முதுமையில் வழக்காடிக்கொண்டிருக்காமல், பத்திரம் எழுதும் நாளில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிவிட வேண்டும். பத்திர எழுத்தர் "இதெல்லாம் எதற்கு, சொந்தப் பிள்ளைதானே" என்றாலும், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

ஏற்கெனவே கைவிடப்பட்டவர்கள் அதே சட்டத்தின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம், மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தருமாறு மகனுக்கோ மகளுக்கோ அவர் ஆணையிட முடியும். பிள்ளை இல்லாதவர்கள், தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது தமக்குப்பின் அடையவிருக்கும் உறவினர்மீது மனுச் செய்யலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, எழுத முடியாதவருக்காக அவர் அனுமதித்த வேறொருவர் மனுக் கொடுக்கலாம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, பழைய நினைவில் வேலூருக்கே வந்து திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேலூர் மாவட்டத்தில் வேலூர், குடியாத்தம்; இராணிப்பேட்டை மாவட்டத்தில் இராணிப்பேட்டை, அரக்கோணம்; திருப்பத்தூர் மாவட்டத்தில் திருப்பத்தூர், வாணியம்பாடி ஆகியவை கோட்டங்கள். உங்கள் வட்டம் எந்தக் கோட்டத்தில் வருகிறது என்று பார்த்துச் செல்லுங்கள்.

யார் பார்த்துக்கொள்வது

இந்தப் பேச்சைப் பிள்ளைகள் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் பெற்றோரின் சாவுக்குக் காத்திருப்பதுபோல் ஆகிவிடும் என்று அஞ்சுவார்கள். நீங்களே எடுக்க வேண்டும். பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது, சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும் மதியப் பொழுதில், மகன்கள் மகள்கள் மட்டுமல்லாமல் மருமகள்கள் மருமகன்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். உடம்புக்கு முடியாமல் போனால் மூத்தவன் பணம் தரட்டும், இளையவள் மருத்துவமனைக்கு வரட்டும் என்று நீங்களாகப் பங்கு பிரிக்காமல், யாரால் எது முடியும் என்று கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் பராமரிப்பின் முழுப் பாரமும் ஒரு மருமகளின் அல்லது ஒரு மகளின் தலையில் சொல்லாமலே விழுகிறது. அவர் வேலையை விட நேர்ந்தால் அந்த வருமான இழப்பை யார் ஈடுசெய்வது, ஆண்டுக்கு எத்தனை நாட்கள் அவருக்கு ஓய்வு கொடுத்து மற்றவர்கள் வந்து தங்குவது என்பதை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். என் தாயாரை ஆறு ஆண்டுகள் குளிப்பாட்டி உடுத்தியவர் என் மனைவி. என் தம்பி தங்கைகளிடம் இதைப் பற்றி ஒருநாளும் நான் பேசவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தால், வேலை நேரம், வார விடுப்பு, சம்பளத் தேதி, செய்ய வேண்டிய வேலைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வது மனத்தாங்கலைத் தவிர்க்கும். ஏடிஎம் அட்டையையும் பீரோச் சாவியையும் அவரிடம் கொடுத்துவைக்கும் நிலையை உண்டாக்காதீர்கள். அது அவருக்கும் நல்லதல்ல. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கத் தெரிந்தவரா என்று முதல் நாளே பாருங்கள். படுக்கைப் புண் வந்துவிட்டால் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருமுன், மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவில் வீட்டாரும் இரண்டு வாரம் இருந்து தூக்குவது, உட்காரவைப்பது ஆகியவற்றைப் பழகிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் உருவாகக் காரணமாக இருந்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சைகள் செய்தவர். அத்தகைய பயிற்சி உள்ளூரிலேயே கிடைக்கும்போது நாம் படுக்கையோடு முடங்கத் தேவையில்லை.

முதியோர் இல்லத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. அதைப் பிள்ளைகளின் குற்றமாக ஊர் பேசுவதை நான் ஏற்பதில்லை. ஆனால் இடத்தை நீங்கள் நல்ல நிலையில் இருக்கும்போதே போய்ப் பாருங்கள். அரசிடம் பதிவு பெற்றதா, இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா அல்லது திருப்பி அனுப்பிவிடுவார்களா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். முன்னறிவிப்பின்றி மதிய உணவு வேளையில் ஒருமுறை சென்று, அங்கே இருப்பவர்களின் நகமும் படுக்கை விரிப்பும் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். ஒரு மாதம் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்ய இடம் தருகிறார்களா என்றும் கேட்கலாம்.

கடைசி நாட்களின் சிகிச்சை

குணமாகும் நம்பிக்கை இல்லாத நிலையில் செயற்கைச் சுவாசக் கருவி போன்றவற்றால் உயிரை நீட்டிக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் பெற்றால் போதும். உங்களால் பேச முடியாதபோது உங்கள் சார்பில் முடிவு சொல்ல வேண்டியவரின் பெயரையும் அதில் எழுத வேண்டும். மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்த பிறகே அது செயல்படும் என்பதால் அவசரப்பட்டு யாரும் எதையும் நிறுத்திவிட முடியாது; வலி தணிக்கும் சிகிச்சை எந்நிலையிலும் தொடரும். சிலருக்கு இதை எழுதவே மனம் வராது. எழுதாவிட்டாலும் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். என் தாயாரின் கடைசி வாரத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று, அவர் எதை விரும்பியிருப்பார் என்று நாங்கள் மூவரும் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இவற்றையெல்லாம் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. இந்த வாரம் நோட்டு வாங்கி முதல் இரண்டு பக்கங்களை எழுதுங்கள். இம்மாதத்துக்குள் குளியலறைக் கைப்பிடியைப் பொருத்துங்கள். அடுத்த மூன்று மாதத்தில் வங்கிக் கணக்குகளுக்கு நியமனதாரரைப் பதிந்துவிட்டு, உயிலை எழுதுங்கள். ஒன்றிய அரசின் ஓய்வூதியம் பெறுபவர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும் நவம்பர் மாதத்தையே ஆண்டுக்கொரு முறை நோட்டைத் திருத்தும் மாதமாகவும் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். சென்ற நவம்பரில் என் மனைவி தம் பக்கத்தில் ஒரு மாத்திரையை அடித்துவிட்டு, பக்கத்து வீட்டார் வீடு மாறிப் போனதால் சாவி இருக்கும் இடத்தையும் மாற்றி எழுதினார்.